நாலாம் கேட் வெயிலில் இரண்டு புள்ளி எட்டு

அந்தக் குடோனுக்கு நாலு கேட். முதல் மூன்றும் கட்டடத்தின் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்தன. மேலே சிமெண்ட் கூரை, பக்கத்தில் மின்விசிறி, உட்கார ஸ்டூல். நாலாவது கேட் மட்டும், கட்டி முடித்துப் பூட்டுப் போடும் நேரத்தில் யாருக்கோ ஞாபகம் வந்து ஒட்டவைத்ததுபோல, வெளியே துருத்திக்கொண்டு நின்றது. தகரக் கூரை பாதி தூரம்தான் வந்திருந்தது. காலை பத்து மணிக்கு உள்ளே நுழையும் வெயில் மூன்று மணி வரை சொந்த வீட்டில் இருப்பதுபோல் காலை நீட்டிக்கொண்டு இருக்கும். அந்த இடத்தைப் பதினோரு வருஷமாக ஒருத்தி விடாப்பிடியாகப் பிடித்து வைத்திருந்தாள். குடோனில் அக்கா என்று கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாலாம் கேட்டக்கா என்றால் இவள் ஒருத்திதான்.

வேலை, சொல்லிக் கேட்டால் சுலபம். கோல்டு ரூமிலிருந்து உறைந்த பட்டாணியும் மீனும் ஐஸ்கிரீமும் பெட்டி பெட்டியாக ட்ராலியில் வரும். ஒவ்வொரு பெட்டியின் பார்கோடிலும் கையிலிருக்கும் ஸ்கேனரைக் காட்ட வேண்டும். பீப் என்றதும் அக்கா இடது கையால் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். அந்தத் தட்டுக்கு, ‘இது முடிஞ்சது, தூக்கு’ என்று அர்த்தம். லோடுமேன் வாயைத் திறந்து கேட்கவும் வேண்டாம், அவள் வாயைத் திறந்து சொல்லவும் வேண்டாம். பீப், தட்டு, தூக்கு. மணிக்கு நானூறு பெட்டி லாரிக்குள் போய்விடும்.

நாலாம் கேட்டில் வேறொரு வசதியும் இருந்தது. அங்கிருந்து ரோடு தெரியும். பதினொன்று நாற்பதுக்கு அவள் புருஷன் ஓட்டும் பஸ் அந்த வழியே போகும். மதில் ஓரம் வரும்போது இரண்டே இரண்டு முறை, குட்டையாக ஹார்ன் அடிப்பார். அவள் பெட்டியைத் தட்டும் அதே கையை மேலே தூக்கிக் காட்டுவாள். அவ்வளவுதான் சமாச்சாரம். அந்த ஒரு ஹார்னுக்காகத்தான் வெயிலைத் தாங்குகிறாள் என்று யாராவது சொன்னால் அடிக்க வருவாள். ஆனால் விஷயம் அதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார், பிறந்தநாள் வந்தால் மறக்காமல் கைகுலுக்குவார். எண்கள் மீது மட்டும் அவருக்கு ஒரு மயக்கம். பழைய ஸ்கேனரின் ப்ராசஸர் ஒன்று புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே அவருக்குக் கிகா சார் என்று பெயர் நிலைத்துவிட்டது.

“இந்தக் காலத்துல குழந்தைங்க விளையாடுற போன்ல கூட இதைவிட வேகம் இருக்கு,” என்றார் கிகா சார். “புதுசு ரெண்டு புள்ளி எட்டு. அப்படியே ரெண்டு மடங்கு. ஒரு மணி நேர வேலை அரை மணில முடியும்.”

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்காமல் இல்லை. முறையாகத்தான் பார்த்தார். எங்கே பார்த்தார் என்பதுதான் கதை. அந்த வாரம் சரியான வெயில். வெயில் ஏறினால் ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் கோல்டு ரூமின் மீது திடீரென்று அக்கறை பொங்கிவிடும். கணக்கெடுப்பு, ஆய்வு, ஆலோசனை என்று ஏதாவது ஒரு பெயரில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றுகொள்வார்கள். ஸ்கேனர் சோதனையையும் அங்கேயே வைத்தார்கள். புது மெஷின் பறந்தது. கிகா சார் குளிரில் மூச்சில் புகை விட்டபடி கைதட்டினார். பழையவை பன்னிரண்டையும் அட்டைப்பெட்டியில் போட்டு, திருப்பி அனுப்ப ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார்கள்.

கோல்டு ரூமில் அன்றைக்குப் புது மெஷினைப் பிடித்துக்காட்டியவள் வேறு யாருமில்லை, நம் அக்காவின் நாத்தனார். புருஷனின் ஒரே தங்கை, இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். கம்பளித் தொப்பியும் கோட்டுமாக ஆள் பாதி தெரியாமல் திரிவாள். வாய் மட்டும் முழுசாகத் தெரியும். புது மெஷின் வந்த இரண்டாவது நாளே கிகா சார் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். யார் மணிக்கு எத்தனை பெட்டி என்று தினமும் அதில் ஏறும். முதல் வரியில் நாத்தனார், ஐந்நூற்று இருபது. கடைசி வரியில் நாலாம் கேட், இருநூற்றுப் பத்து.

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காலை எட்டு மணிக்கு மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. காட்டும் முன்பே பீப் என்றது. பத்தரை மணி ஆனதும் அதன் புத்தி மாறியது. பார்கோடைக் காட்டினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றும், சுற்றும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி முடித்த பிறகு போனால் போகிறது என்று ஒரு பீப் வரும். பொறுமை இல்லாமல் இரண்டாவது தடவை அமுக்கினால் ஒரே பெட்டி இரண்டாகப் பதிவாகி, அதை அழிக்க இன்னொரு வட்டம். லோடுமேன் கையை நீட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்பான். பின்னால் ட்ராலிகள் வரிசை கட்டும். ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு வேர்க்கும், அவற்றைப் பார்க்கும் அக்காவுக்கு அதைவிட அதிகமாக வேர்க்கும். மற்ற மூன்று கேட்டிலும் அதே மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது.

மூன்றாம் வாரம் கிகா சார் அவளை அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலைல நீங்க பிரமாதமாப் பண்றீங்க. மத்தியானம் ஆச்சுன்னா ரொம்பக் களைச்சுப் போயிடறீங்க. உடம்புன்னா அப்படித்தான், யார் மேலயும் தப்பில்ல. மாடில லேபிள் ரூம் இருக்கு. ஏசி இருக்கு, உக்காந்துக்கிட்டே செய்யலாம். திங்கக்கிழமைல இருந்து அங்க போயிடுங்க.”

லேபிள் ரூமில் ஜன்னல் கிடையாது. அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஜன்னல் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? நாற்பத்தெட்டு வயதில் புருஷன் பஸ்ஸைப் பார்க்க என்றா? எழுந்து வந்தாள். அவளை உண்மையில் குத்தியது அந்த மாடி அறைகூட இல்லை. களைத்துப்போகிறீர்கள் என்ற வார்த்தைதான். அந்த ஆள் சொல்வது நிஜமாக இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தனக்கு வயதாகிவிட்டது, தனக்குத் தெரியாமலே கை தளர்ந்துவிட்டது, ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில் தனக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். கழிப்பறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் நாத்தனார் வழக்கம்போல் சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். அந்தக் கிண்ணம் எப்போதும் காலியாக வந்து நிரம்பிப் போகும்.

“அண்ணி, என்னை முதல் வரியில போட்டுட்டாங்க, பாத்தீங்களா? மூணாவது வாரமா! நீங்க கொஞ்சம் கையை வீசிப் பண்ணணும் அண்ணி. மெஷினைப் பாத்து பயப்படறீங்க, அதான்.”

“ஆமாமா. குளு குளுன்னு நின்னுக்கிட்டு நீ பேசலாம்.”

“குளு குளுவா? ஒரு நாள் வந்து நின்னு பாருங்க. விரல் இருக்கா போச்சான்னு எண்ணிப் பாக்கணும்.”

“தொப்பி போட்டுக்கிட்டு நாடகம் வேற.”

அண்ணன்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷம் உயிரோடு இருந்தவருக்கு அந்தத் தந்திரம் அத்துப்படி. நாத்தனார் கிண்ணத்தோடு கிளம்பிய பிறகுதான் தாள் கீழே இறங்கியது.

“ஏன் நீ நாலு நாளா கையைக் காட்டல?” என்று கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஹார்ன் காதில் விழாமல் இல்லை. வட்டம் சுற்றும்போது கண்ணை எடுக்க முடியவில்லை, அதுதான். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மாடி அறை, களைப்பு, திங்கட்கிழமை. கொட்டும்போது தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “ஏன் செவந்திருக்கு?”

“அந்த மெஷின்தாங்க. மத்தியானத்துல கையே வைக்க முடியல. சுடுது.”

“சுடுதா? எஞ்சின் சூடேறிச்சுன்னா நானே மெதுவாத்தான் ஓட்டுவேன். இல்லன்னா வழியில படுத்துக்கும்.” சொல்லிவிட்டு அவர் சாப்பிட எழுந்துபோனார். ஏதோ பெரிய விஷயம் சொல்லிவிட்டதாக அவருக்குத் தெரியவும் இல்லை.

அவள் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு, வட்டம் சுற்றத் தொடங்கியதும், அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோல்டு ரூமுக்குப் போனாள். வாசலில் பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும் திரை. அதை விலக்கி, மெஷினைப் பட்டாணிப் பெட்டி ஒன்றின் மேல் வைத்துவிட்டு, நாத்தனாரோடு ஒரு ட்ராலி குறைகிறது என்று சண்டை பிடித்தாள். ட்ராலி எதுவும் குறையவில்லை. ஐந்து நிமிஷம் போக வேண்டும், அதற்கு நாத்தனாரோடு சண்டையைவிடச் சுலபமான வழி அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்து பெட்டியில் காட்டினாள். பீப். அடுத்தது, பீப். காலை எட்டு மணி மாதிரியே பாய்ந்தது. பத்து நிமிஷம் கழித்து, கையில் சூடு ஏற ஏற, பழைய வட்டம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் இன்னொரு தடவை போய் இன்னொரு பொய்ச் சண்டை போட்டாள். அதே கதை. லாரிக்குப் பின்னால் தனியாக நின்று அக்கா சிரித்தாள். களைத்தது அவள் இல்லை! பதினோரு வருஷமாக இந்த வெயிலில் நின்ற உடம்பு அப்படியேதான் இருந்தது. பத்து நிமிஷம் தாங்காதது அந்த இரண்டு புள்ளி எட்டு. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் லோடுமேனுக்குத் தன் பங்கு டீயையும் கொடுத்துவிட்டாள்.

கிகா சார் மட்டும் லேசில் மசியவில்லை.

“அக்கா, எல்லார் கையிலயும் ஒரே மெஷின். எண்ணு பொய் சொல்லுமா? ரெண்டு புள்ளி எட்டு எங்க, ஒண்ணு புள்ளி நாலு எங்க?”

“சார், நீங்க எங்க வச்சுப் பாத்தீங்க?”

“கோல்டு ரூம்ல.”

“என் வேலை எங்க?”

அவர் பேனாவை மூடித் திறந்தார்.

“ஒரே ஒரு லோடு சார். நாளைக்குப் பதினொரு மணிக்கு மேல, நாலாம் கேட்டுல. முந்நூறு பெட்டி பழைய மெஷின்ல, முந்நூறு புதுசுல. நான் தோத்தேன்னா திங்கக்கிழமை வாயே திறக்காம மாடி ஏறிடறேன்.”

“ரெண்டையும் நீங்களே பிடிச்சா எப்படி? புதுசை வேணும்னே மெதுவாப் பண்ணிட்டீங்கன்னு நாலு பேர் சொல்லுவாங்க.” கொஞ்சம் யோசித்தார். “புதுசை உங்க நாத்தனார் பிடிக்கட்டும். அவங்கதான் முதல் வரி.”

அக்காவுக்கு வாய்க்குள் சிரிப்பு முட்டியது. இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? அண்ணிக்கு விட்டுக்கொடுப்பது என்பது நாத்தனாரின் ரத்தத்திலேயே கிடையாது.

வெள்ளிக்கிழமை இரண்டு லாரிகள் நாலாம் கேட்டில் பின்பக்கம் காட்டி நின்றன. அட்டைப்பெட்டியைக் கிளறி அக்கா தன் பழைய ஸ்கேனரைக் கண்டெடுத்தாள். மூலையில் சிவப்பு நகப்பாலிஷில் அவள் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. கேன்டீன்காரர்கள் முதற்கொண்டு வந்து நின்றார்கள். கிகா சார் நோட்டும் கடிகாரமுமாக, இருந்த துளி நிழலையும் ஆக்கிரமித்துக்கொண்டார். நாத்தனார் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்ற மறந்துபோய் வந்தாள்.

“அண்ணி, கோவப்படக் கூடாது. நான் வெளையாட மாட்டேன்.”

“வெளையாடினா உன்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டேன்.”

பதினொன்று பத்துக்குத் தொடங்கினார்கள். முதல் பத்து நிமிஷம் நாத்தனார் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! பீப் பீப் பீப் என்று மழை மாதிரி கொட்டியது. அவளுடைய லோடுமேனுக்கு மூச்சு வாங்கியது. தொண்ணூறு பெட்டி. அக்கா அறுபத்தேழு. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். கிகா சார் நோட்டில் எதையோ பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டார். இன்றைக்கென்று பார்த்து அந்த மெஷின் தாக்குப் பிடித்துவிட்டால்? பொய்ச் சண்டை போட்டுக் கண்டுபிடித்ததெல்லாம் வெறும் மனப்பிராந்தி என்று ஆகிவிட்டால்? நிமிர்ந்து பார்க்காமல் வேலையைப் பார்த்தாள். பீப், தட்டு, தூக்கு.

பிறகு பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“ஏய், வா.”

நாத்தனார் திரையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். வட்டம் சுற்றியது. பீப். அடுத்த பெட்டிக்கும் வட்டம். மெஷினை உதறினாள். ஊதினாள். முந்தானையால் விசிறினாள். “சனியனே, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே!” அவள் பாடுபட்ட பாட்டைப் பார்த்த யாருக்கும் அவள் வேண்டுமென்று தோற்கிறாள் என்ற நினைப்பு வந்திருக்காது. கழுத்தெல்லாம் வியர்வை, முகம் தக்காளி, ஆனாலும் கையை நிறுத்தவில்லை. மெஷின்தான் நின்று நின்று போனது.

பதினொன்றரைக்கு முன்பே அக்கா தாண்டிவிட்டாள். பழைய ஸ்கேனருக்கு அவசரமும் இல்லை, அலுப்பும் இல்லை. எட்டு மணிக்கு எப்படியோ அப்படியே இப்போதும். இருநூறாவது பெட்டியைத் தட்டும்போது மதில் பக்கம் ஹார்ன் கேட்டது. இரண்டு முறை, குட்டையாக. அவள் பெட்டியைத் தட்டிய கையை அப்படியே மேலே தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குக் கொண்டுவந்தாள். ஒரு பீப்கூடத் தவறவில்லை.

“அது அண்ணன் பஸ்ஸா?” என்றாள் நாத்தனார், வட்டம் சுற்றும் நேரத்தில்.

“வேலையைப் பாரு.”

அக்கா முந்நூறை முடித்தபோது பதினொன்று ஐம்பத்தைந்து. நாத்தனார் நூற்றுத் தொண்ணூற்றாறில் நின்றாள். கிகா சார் வெயிலுக்குள் நடந்து வந்து அந்தப் புது மெஷினைக் கையில் வாங்கினார், வாங்கிய வேகத்தில் பெட்டி மேல் போட்டார். சூடு. கைவிரலை உதறிக்கொண்டே கம்பெனி கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்துப் படித்தார். குளிர்ந்த இடத்தில் மட்டும்தான் அந்த வேகம், சூடேறினால் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸில் போட்டிருந்தது. வியர்வை தாளில் சொட்டியது. அந்த மனிதர் நாலாம் கேட்டில் மத்தியானம் முக்கால் மணி நேரம் நின்றது அதுதான் முதல் தடவை.

“அக்கா, உங்களைக் களைச்சுப் போயிட்டீங்கன்னு சொன்னேன்,” என்றார். “என்னை மன்னிச்சுடுங்க. இங்க பழசே இருக்கட்டும். கோல்டு ரூமுக்குப் புதுசு.” தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். “இதையும் நீட்டிப் போடச் சொல்றேன்.”

“போடுங்க சார். ரோட்டை மட்டும் மறைக்காமப் போடுங்க.”

நாத்தனார் கவிழ்த்துவைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். கம்பளித் தொப்பி இப்போதுதான் தலையை விட்டு மடிக்கு வந்திருந்தது. அவ்வளவு நேரம் அவள் வாய் மூடியிருந்து அக்கா பார்த்ததில்லை.

“அண்ணி, இத்தனை வருஷமா இந்த வெயில்லயா நிக்கறீங்க?”

“வேற எங்க?”

“நான் வீட்டுக்கு வந்து என்னென்னமோ பேசிட்டேன். கையை வீசிப் பண்ணுங்கன்னு சொன்னேன்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்காவுக்கு ஜெயித்த சந்தோஷம் கொஞ்சம் வழிவிட்டு ஒதுங்கியது. மெஷினைப் பெட்டிமேல் வைக்கப்போன ஒவ்வொரு தடவையும், ஐந்து நிமிஷச் சண்டைக்குள் தன் விரல் விறைத்துப் போனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதை நாடகம் என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது.

“விடு. உன் தொப்பி நாடகம் இல்லன்னு எனக்கும் இந்த வாரம்தான் தெரிஞ்சுது,” என்றாள். “எழுந்திரு, மோர் குடிக்கலாம் வா.”

வெள்ளைப் பலகையைக் கிகா சார் அன்றைக்கே கழற்றிவிட்டார். அதன் பின்பக்கம் இப்போது கேன்டீனில் மதிய உணவு விவரம் எழுதப் பயன்படுகிறது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு, டீ இடைவேளையில், கோல்டு ரூம் பட்டைத் திரையை விலக்கிக்கொண்டு நாத்தனார் நாலாம் கேட்டுக்கு வந்தாள். கோட்டும் தொப்பியுமாக வெயிலில் நின்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள்.

“என்ன?”

“விரலைக் காய வைக்கிறேன். இனிமே தினமும் இங்கதான்.”

“நின்னுக்கோ. வாயை மட்டும் உள்ளேயே விட்டுட்டு வா.”

பீப், தட்டு, தூக்கு. பதினொன்று நாற்பதுக்கு மதில் ஓரம் பஸ் வந்தது. ஹார்ன் இரண்டு முறை கேட்டது. அக்கா இடது கையைத் தூக்கினாள். பக்கத்தில் நாத்தனாரும் தொப்பியைக் கழற்றி, எம்பிக் குதித்து ஆட்டினாள். பஸ் மதிலைத் தாண்டிப் போய்விட்டது. போன பிறகு, திருப்பத்திலிருந்து, மூன்றாவதாக ஒரு ஹார்ன் வந்தது.

“அது எனக்கு,” என்றாள் நாத்தனார்.

“உனக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த பெட்டியைத் தட்டினாள்.